தாயம் எப்போது விழும்?

அன்புள்ள சார்,

கிராமத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு எடுக்கிறேன். நிகழ்தகவு ஒன்பதாம் வகுப்பில் பாடமாக வருகிறது. அதற்கு முன்பே கொஞ்சம் ருசி காட்டலாமே என்று, இரண்டு நாணயங்களைச் சுண்டினால் என்னென்ன விழும் என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். "ரெண்டும் தலை, ரெண்டும் பூ, ஒண்ணு தலை ஒண்ணு பூ. மூணு டீச்சர்" என்றார்கள். தலை-பூ வேறு, பூ-தலை வேறு, ஆக நான்கு என்று போர்டில் எழுதினேன். ஒரு பையன் எழுந்து, "ரெண்டும் ஒரே மாதிரி காசுதானே, எது முதல்ல எது ரெண்டாவதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று உட்காரவைத்துவிட்டேன். அன்றிலிருந்து உறுத்துகிறது. எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

- ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உட்காரவைத்தால் என்ன, நாளைக்கே மறுபடி எழுப்பிவிடலாம். அவன் வழுக்கிய இடத்தில் பெரிய ஆளே வழுக்கியிருக்கிறார். பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர் 1754இல் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில் இப்படிக் கணக்குப் போட்டார்: இரண்டு முறை சுண்டி ஒரு தலையாவது விழ வேண்டும். முதல் தடவையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லாவிட்டால் இரண்டாம் தடவை விழலாம், விழாமலும் போகலாம். ஆக மூன்று வழி, இரண்டில் வெற்றி, விடை 2/3. சரியான விடை 3/4. மூன்று வழி என்று எண்ணியதில் தப்பில்லை. மூன்றுக்கும் ஒரே வாய்ப்பு என்று நினைத்ததுதான் தப்பு. உங்கள் பையனும் அதைத்தான் செய்தான்.

இதைப் போர்டில் தீர்க்க முடியாது. இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வெள்ளையாக ஒரு ரூபாய், மஞ்சளாக ஐந்து ரூபாய் கொடுங்கள். சுண்டுவதற்கு முன் எது அதிகம் விழும் என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள் (காசு வேண்டாம், கடலை மிட்டாய் போதும்). ஜோடிக்கு நாற்பது தடவை. பதினைந்து ஜோடி என்றால் அறுநூறு. கலந்து விழுந்தது முந்நூறை ஒட்டி வரும், இருநூறை ஒட்டி அல்ல. அப்புறம் அந்தப் பையனிடம் கேளுங்கள்: ஐந்து ரூபாய்க்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டால், நமக்கு அடையாளம் தெரியாமல் போனது காசுக்குத் தெரியுமா?

அடுத்த நாள் தாயக்கட்டை. எங்கள் அப்பத்தா திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் போவதே தெரியாது. தாயம் விழாமல் காய் இறங்காது. நான் பாதி ஆட்டம் காயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். ஏன் என்று கணக்குப் பாருங்கள். இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 வகை. தாயம், அதாவது கூட்டல் ஒன்று, இரண்டே வகையில் வரும். எட்டுக்கு ஒன்று. மூன்று விழ நாலு வகை இருக்கிறது.

பிள்ளைகளையே பதினாறையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு விதிப்படி 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு (இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு). எழுதிப் பார்த்தால் தெரியும், அரிதாக விழும் எண்கள் சரியாக இந்த நாலும்தான். 2, 3, 4க்கு மறு ஆட்டம் கிடையாது. யார் எப்போது வகுத்த விதியோ, கணக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொல்கிற பெருமையைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "எட்டுக்கு ஒண்ணுன்னா எட்டாவது தடவை விழுந்தாகணுமே?" விழ வேண்டியதில்லை. எட்டு தடவை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே வாய்ப்பு இருக்கிறது. ஏழு தடவை விழவில்லை என்பதைக் கட்டை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இதை வாயால் சொன்னால் ஏழாம் வகுப்பு நம்பாது. பெரியவர்களே நம்புவதில்லை, லாட்டரிக்காரர்கள் பிழைத்தது அப்படித்தானே. உருட்டி எண்ணட்டும்.

சூத்திரத்தை இதுவரை நான் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? சாதகமானவை வகுத்தல் மொத்தம் என்பதைக் கடைசியில் எழுதுங்கள், உடனே அதை உடைத்தும் காட்டுங்கள். அதற்குப் புளியங்கொட்டை போதும். ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் தேய்க்கச் சொல்லுங்கள் (தேய்த்த சூட்டைப் பக்கத்துப் பிள்ளை கையில் வைப்பார்கள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்). இரண்டு பக்கம்தானே, பாதிக்குப் பாதி என்பார்கள். ஆனால் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. எவ்வளவு தேய்த்தோம் என்பதைப் பொறுத்துக் கொட்டைக்குக் கொட்டை மாறும். எந்தச் சூத்திரமும் உதவாது, நூறு தடவை போட்டு எண்ணித்தான் ஆக வேண்டும். இதற்குப் புத்தகத்தில் பட்டறி நிகழ்தகவு என்று பேர். பட்டு அறிவது. நம் கணக்குப் புத்தகங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் அது.

அந்தப் பையனின் கொட்டையில் நூற்றுக்கு எத்தனை வெள்ளை விழுந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.