உள்ளே புகுந்து ஆடுபவர்கள்: நெருக்கச் சண்டை பற்றிய கேள்வி பதில்

சேலத்திலும் சேர்வராயன் மலைப்பகுதியிலும் குத்துச்சண்டை பழகும் இளைஞர்களும், பார்த்து ரசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அம்மாப்பேட்டை வாசகர்: ஐயா, நீங்கள் புகழும் வீரர்கள் எல்லோரும் எதிராளியின் மார்போடு ஒட்டி நின்று சண்டையிடுபவர்களாகவே இருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது கட்டிப் புரள்வது போலத்தான் தெரிகிறது. அதில் என்ன கலை இருக்கிறது?

நெருக்கச் சண்டையில் ஒருவர் உடல் மற்றவர் கைகளை மறைத்துவிடுவதால், அங்கே நடக்கும் வேலையில் பாதி கேமராவுக்குச் சிக்குவதில்லை. அதனால்தான் அது முரட்டுத்தனமாகத் தெரிகிறது. உண்மையில் குத்துச்சண்டையிலேயே மிக நுணுக்கமான பகுதி அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தலையைக் கவனியுங்கள். தேர்ந்த வீரர் தன் நெற்றியை எதிராளியின் தோள்பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடுவார். அங்கே தலை இருக்கும்வரை எதிராளியால் முன்னே சாய்ந்து எடையைக் குத்தில் இறக்க முடியாது; முகத்தைத் தேடினாலும் குத்து பின்னந்தலைப் பக்கம் வழுக்கிப் போகும், அங்கே குத்துவது விதிப்படி குற்றம். அடுத்தது கைகள். இரண்டு பேரின் கைகளும் பின்னிக் கிடக்கும்போது யாருடைய கை உள்பக்கம் இருக்கிறதோ அவருக்குத்தான் வயிறும் தாடையும் திறந்து கிடக்கும். ஆகவே முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, கிளவுஸை எதிராளியின் புஜத்துக்கு உள்ளே நுழைத்து, அவர் கை எழும்பும் முன்பே அதை அமுக்கிவிட வேண்டும். மூன்றாவது கால். குத்துவதற்கு இடம் இல்லாதபோது தோளால் மெல்ல ஒரு தள்ளு, கூடவே இடது பக்கம் அரை அடி நகர்வு. அந்த நொடியில் பிறக்கும் நாலைந்து அங்குல இடைவெளியில், இடுப்பு திரும்புகிற வேகத்திலேயே குத்து போய்ச் சேர்ந்துவிடும். கை நீண்டு வருவதைக் காண முடியாது. எதிராளியின் உடல் மடங்குவதைத்தான் காண்போம்.

இதையெல்லாம் ஒருசேரச் செய்தவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் பனாமா நாட்டின் ரோபர்ட்டோ டுரான். 1980 ஜூன் 20 அன்று மான்ட்ரியலில், அதுவரை தோல்வியே காணாத சுகர் ரே லியோனார்டை 15 ரவுண்டுகள் நெருக்கி ஆடி வென்றார். 1989 பிப்ரவரியில், தம் 37வது வயதில், 5 அடி 7 அங்குல உயரமே உள்ள அவர், 6 அடிக்கு மேல் உயரமான ஐரன் பார்க்லியை 11வது ரவுண்டில் ஒருமுறை கீழே வீழ்த்தி, புள்ளிகளில் மிடில்வெயிட் (நடுத்தர எடைப்பிரிவு) பட்டம் வென்றது எனக்கு அதைவிடப் பெரிய சாதனை. வயதானால் வேகம் போய்விடும். தலையை எங்கே வைப்பது, எப்போது தோளைத் திருப்புவது என்ற அறிவு போகாது.

சூரமங்கலம் வாசகர்: முகமது அலி போலத் தள்ளி நின்று, மிதந்து ஆடுவதுதானே அழகு?

அழகுதான், அலியின் கால்களை ரசிக்காதவர் குத்துச்சண்டையை ரசிப்பவரே அல்ல. ஆனால் அந்த அழகுக்கு முழு அர்த்தம் கிடைப்பது, அதை உடைக்கத் தெரிந்த ஒருவர் எதிரே வரும்போதுதான். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் ஜோ ஃப்ரேசியர் குனிந்து, அசைந்து, ஜாபுகளுக்கு (முன்கையால் நேராக நீட்டிக் குத்தும் குத்துகளுக்கு) அடியில் புகுந்து புகுந்து வந்து, கடைசி 15வது ரவுண்டில் இடது ஹூக்கால் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்தால்) அலியை மல்லாக்க வீழ்த்தினார். நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டுரானிடம் தோற்ற லியோனார்ட், அதே ஆண்டு நவம்பரில் நின்று சண்டையிட மறுத்து, சுற்றிச் சுற்றி நகர்ந்தே ஆடினார். டுரான் 8வது ரவுண்டில் தாமாகவே சண்டையை நிறுத்திக்கொண்டார். உள்ளே நுழைய முடியாவிட்டால் நெருக்கச் சண்டைக்காரருக்கு வேறு வழி இல்லை.

ஓமலூர் கல்லூரி மாணவர்: அண்ணா, நான் குள்ளம், கையும் நீளமில்லை. ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) எதிராளி ஜாபாலேயே என்னைத் தள்ளி நிறுத்திவிடுகிறார். எப்படி உள்ளே போவது?

தம்பி, பெரும்பாலோர் நேர்க்கோட்டில் ஓடிப் போய் உள்ளே விழப் பார்க்கிறார்கள். அப்படிப் போனால் அப்பர்கட், அதாவது கீழிருந்து தாடையை நோக்கி மேலே வரும் குத்து, காத்திருக்கும். எதிராளியின் ஜாப் திரும்பிப் போகும்போது அதன் கூடவே நீங்கள் உள்ளே போக வேண்டும். ஜாபை வலது கையால் தட்டிவிட்டோ, தலையை அதன் வெளிப்பக்கம் நழுவவிட்டோ, அந்தக் கை பின்வாங்கும் நேரத்தில் முன்காலை அவர் கால்களுக்கு நடுவே வையுங்கள். தலை அசைந்து கால் அசையாவிட்டால் பயனில்லை. ரிங்கின் குறுக்கே நெஞ்சுயரத்தில் ஒரு கயிறு கட்டி, இரண்டு பக்கமும் தலையை மாற்றி மாற்றி அடியில் கொண்டுபோய், ஒவ்வொரு முறையும் ஓரடி முன்னே நகர்ந்து பழகுங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். உள்ளே போனதும் ஒரே குத்தோடு நிற்காதீர்கள். வயிற்றில் இரண்டு, தலையில் ஒன்று, பிறகு பக்கவாட்டில் வெளியேறுதல். நேராகப் பின்னால் வந்தால் மறுபடியும் அவருடைய கை நீளத்துக்குள்ளேயே மாட்டுவீர்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்: வயிற்றில் குத்து வாங்கியவர் ஒரு நொடி நின்றுவிட்டு, பிறகு சுருண்டு விழுகிறாரே, ஏன்?

அது பெரும்பாலும் கல்லீரல் மேல் விழுந்த குத்து. கல்லீரல் வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே இருப்பதால், எதிரே நிற்பவரின் இடது ஹூக் நேராக அங்கேதான் போய் இறங்கும். அதிர்ச்சி நரம்புகள் வழியாகப் பரவி, இரத்த அழுத்தம் சட்டென இறங்கி, கால் தளர்ந்துவிடும். மனம் எழச் சொன்னாலும் உடல் கேட்காது. 2004 செப்டம்பரில் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், ஆஸ்கர் டி லா ஹோயாவை 9வது ரவுண்டில் வீழ்த்தியது இந்தக் குத்தால்தான்.

ஆத்தூர் வாசகர்: அமெச்சூர் போட்டிகளில் இதற்குப் புள்ளி கிடைக்குமா?

முன்பைவிட நன்றாகவே கிடைக்கும். 1992 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கணினிப் புள்ளி முறை இருந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. நெருக்கத்தில் வேகமாக விழும் வயிற்றுக் குத்துகள் அதில் காணாமலே போயின. 2013க்குப் பிறகு ஒவ்வொரு ரவுண்டையும் மொத்தமாகப் பார்த்து, வென்றவருக்குப் பத்து, மற்றவருக்கு அதைவிடக் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். ஆனாலும் மூன்றே ரவுண்டுகள் என்பதால், உடலை அடித்து மெல்ல மெல்ல எதிராளியைச் சோர்வடையச் செய்ய நேரம் போதாது. முதல் நிமிடத்திலேயே நெருக்க வேண்டும்.

ஏற்காடு வாசகர்: தினமும் மலைப்பாதையில் ஓடுகிறேன். இந்தப் பாணிக்கு அது போதுமா?

மூச்சுக்கும் தொடைக்கும் நல்லது. ஆனால் சேலம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் அதிகம். எஸ்டேட் பாதைகளில் ஓடுங்கள், இறக்கத்தில் முழங்காலைக் காத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் மட்டும் போதாது. அரைக்குனிவில் நின்றபடி ஒருவர் எடையைத் தாங்கித் தள்ளும் பலம் வேண்டும். அதைக் கூட்டாளியோடு தோளுக்குத் தோள் கொடுத்துப் பழகினால்தான் பெற முடியும்.

செவ்வாய்ப்பேட்டைத் தாய்: சார், என் மகனுக்குப் பதினான்கு வயது. நெருங்கி ஆடும் பாணி அவனுக்குப் பிடித்திருக்கிறது. தலையில் அடி விழுமே என்று பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மண்டைக்குள் ஏற்படும் குலுக்கலை முழுதாகத் தடுக்காது. நல்ல செய்தி என்னவென்றால், நெருக்கச் சண்டையின் பெரும்பகுதியைத் தலையில் ஒரு குத்துகூட விழாமல் கற்க முடியும். உடலில் மட்டும் மென்மையாகக் குத்தும் ஸ்பாரிங்கை இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி அவன் பயிற்சியாளரிடம் கேளுங்கள். மறுப்பவராக இருந்தால் வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் அனுமதிக்கும்வரை மகன் கிளவுஸ் அணியக் கூடாது.

மேட்டூர் வாசகர்: பார்த்துக் கற்றுக்கொள்ள எந்தச் சண்டைகளைப் பரிந்துரைப்பீர்கள்?

ஜூலியோ சீசர் சாவேஸ், 1987 நவம்பரில் எட்வின் ரொசாரியோவை 11வது ரவுண்டில் நிறுத்திய சண்டையை முதலில் பாருங்கள். அவசரமே இல்லாமல் ஒரு வலிமையான வீரரைப் படிப்படியாகக் கலைப்பது எப்படி என்று அதில் தெரியும். அடுத்து, 2003 அக்டோபரில் ஜேம்ஸ் டோனி எவாண்டர் ஹோலிஃபீல்டோடு ஆடியது: எதிரிலேயே நின்று, தோளைத் திருப்பித் திருப்பிக் குத்துகளை வழியவிட்டு, உடனே பதில் கொடுப்பார். பிறகு நிகரகுவாவின் ரோமன் கொன்சாலெஸ், அதாவது ‘சாக்லட்டிட்டோ’. சிறிய எடைப்பிரிவுகளில் ஆடிய அவருடைய எந்தச் சண்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியை நிறுத்திவிட்டு, முதல் தடவை அவர் கால்களை மட்டும் பாருங்கள், இரண்டாவது தடவை கைகளை.