“எங்களை எப்படி அப்படி நினைக்கலாம்?”

கேள்வி: வணக்கம் அக்கா. நான் உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். வகுப்பில் இந்தியர்கள் இரண்டே பேர், நானும் இன்னொரு பெண்ணும். பள்ளிக் காற்பந்துக் குழுவில் இருப்பதால் இந்த வருஷம் நன்றாகக் கறுத்துவிட்டேன். ‘லைட்டை அணைச்சா உன் பல்லு மட்டும்தான் தெரியும்’ என்பது வகுப்பில் தினமும் நடக்கும் ஜோக். போன மாதம் என் முகத்தை இன்னும் கறுப்பாக்கி, கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற மாதிரி ஸ்டிக்கர் செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற இமோஜி போட்டேன்.

நவம்பர் கடைசியில் குடும்பத்தோடு திருச்சிக்குப் போகிறோம், பெரியப்பா மகள் கல்யாணம். எனக்குப் போகவே பிடிக்கவில்லை. போன தடவை விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்தவர் அப்பாவைப் பார்த்து ‘வொர்க் பர்மிட், வொர்க் பர்மிட்’ என்று, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் அனுமதி அட்டையைக் கேட்டுக் கத்தினார். அப்பா ஒன்றும் பேசாமல் சிவப்புச் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டை நீட்டினார். உடனே அவர் ‘சாரி சார்’ என்று மாறிவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. நான் இங்கேயே பிறந்தவன். தாத்தா காலத்திலிருந்தே இங்கே இருக்கிற குடும்பம், தாத்தா ஹார்பரில் வேலை பார்த்தவர். எங்களைப் போய் எப்படி அப்படி நினைக்கலாம்? அப்பா ஏன் திருப்பிக் கேட்கவில்லை?

ஊருக்குப் போனால் சித்தி ‘சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு இப்படிக் கறுத்துட்டியே’ என்று க்ரீம் கொடுக்கிறார். அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறார். அங்கே எல்லாரும் முறைத்துப் பார்க்கிறார்கள், வரிசையில் நிற்கவே மாட்டார்கள். என் நண்பர்கள் ஜப்பான், கொரியா என்று போகிறார்கள். எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: தம்பி, முதலில் அந்த ஸ்டிக்கரைப் பேசி முடித்துவிடுவோம். மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

அதைச் செய்தவன் யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். குழுவில் எதுவும் எழுதாதே. கேண்டீனில் எல்லார் முன்னாலும் பேசாதே. பயிற்சி முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறபோது தனியாகப் பிடித்து, “அந்த ஸ்டிக்கரை எடுத்துடு, எனக்குப் பிடிக்கல” என்று சொல். அவ்வளவுதான். ஏன் பிடிக்கவில்லை என்று விளக்கப் போகாதே, விளக்கினால் பட்டிமன்றம் ஆகிவிடும். “அப்ப ஏன் நீயும் சிரிச்சே?” என்று கட்டாயம் கேட்பான். “அன்னைக்குச் சிரிச்சேன், இன்னைக்குச் சொல்றேன்” என்பது போதுமான பதில். நண்பன் என்றால் அசடு வழிந்துகொண்டு எடுத்துவிடுவான். எடுக்காவிட்டால் ஸ்க்ரீன்ஷாட்டோடு வகுப்பாசிரியரிடம் போ. ‘கோள்மூட்டி’ என்ற பட்டம் வருமே என்று பயமாக இருந்தால், பள்ளி ஆலோசகரிடம் முதலில் போ. அவரைப் பார்க்கப் போனது வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜூலை 21ஆம் தேதி, பள்ளியில் இன நல்லிணக்க நாளன்று, இதே பையன்கள் ஜிப்பா போட்டுக்கொண்டு உன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்திருப்பார்கள். 1964இல் அந்தத் தேதியில்தான் இங்கே இனக் கலவரம் வெடித்தது, அதை மறக்கக்கூடாது என்றுதான் இந்த நாள் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. முறுக்கும் மருதாணியும்தான் ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு பெண் இருக்கிறாள் என்று எழுதினாய். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு, மூன்று பேர் மட்டும் இருப்பது இங்கே சாதாரணம்தான். அந்தப் பெண் ஸ்டிக்கரைப் பார்த்து என்ன செய்தாள் என்று நீ எழுதவில்லை. நீயே சிரித்துவிட்ட பிறகு அவள் என்ன சொல்ல முடியும்? இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீ வாயைத் திறந்தால் அது உனக்காக மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, விமான நிலையத்துக்கு வருவோம். எந்த ஊர் விமான நிலையம் என்றும் எழுதியிருந்தாய், இங்கே போடவில்லை. உன் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் இதுதான். கவுண்டரில் இருந்தவர் செய்தது தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எது தப்பு? நீ எழுதியிருப்பதைப் பார்த்தால், வொர்க் பர்மிட்காரர் இல்லாத ஒருவரை வொர்க் பர்மிட்காரர் என்று நினைத்ததுதான் தப்பு என்பது மாதிரி இருக்கிறது. அந்த வரிசையில் உங்களுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று யோசித்துப் பார். திருச்சி விமானம். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, மன்னார்குடிக்காரர்கள் நின்றிருப்பார்கள். இரண்டு மூன்று வருஷம் தொழிலாளர் விடுதியில் இருந்துவிட்டு, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய சாமான்களோடு பிள்ளையைப் பார்க்கப் போகிற ஒருவர். அடுத்து அவரிடமும் அந்த ஆள் அதே குரலில் கத்தியிருப்பார். அவரிடம் எடுத்து நீட்டச் சிவப்புப் பாஸ்போர்ட் இல்லை. அவருக்கு ‘சாரி சார்’ கிடைத்திருக்காது. அவர் உண்மையிலேயே பர்மிட்காரர் என்பதால் அவரிடம் கத்தியது சரியாகிவிடுமா?

உன் அப்பாவிடம் கத்தியது எதனால் தப்போ, அதனாலேயேதான் அவரிடம் கத்தியதும் தப்பு. ‘நாங்கள் அவர்கள் மாதிரி இல்லை’ என்பதில் உன் தன்னம்பிக்கையைக் கொண்டுபோய் வைத்தால், அடுத்த கவுண்டரில் அது மறுபடி ஆட்டம் காணும். கவுண்டரில் இருப்பவருக்கு முகம்தான் முதலில் தெரியும், பாஸ்போர்ட் அப்புறம்தான். ஆயுசு முழுக்க அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இருக்க முடியாது.

அதுவும் போக, உன் தாத்தா மட்டும் எதற்கு வந்தாராம்? ஹார்பரில் வேலை என்று நீயே எழுதியிருக்கிறாய். 1926இல் கட்டிய ரஜுலா என்ற கப்பல், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு எழுபதுகளின் தொடக்கம்வரை ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. மேல்தட்டில் பாய் விரித்து, நாள்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். உன் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், ஹார்பரில் மூட்டை தூக்கினாரா, கிரேன் ஓட்டினாரா, கணக்கு எழுதினாரா, அவரிடம் யார் யார் கத்தினார்கள் என்பதை வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள். நீ தினமும் காலையில் நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறாயே உறுதிமொழி, அதை 1966இல் எழுதிய எஸ். ராஜரத்தினமும் இந்தத் தீவில் பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர்.

அப்பா ஏன் திருப்பிக் கேட்கவில்லை? அதை என்னிடம் கேட்டால் எப்படி? அவரிடம் கேள். “பயந்துட்டீங்களா?” என்று ஆரம்பிக்காதே. “அன்னைக்கு உங்களுக்கு என்னப்பா தோணுச்சு?” என்று கேள். நாலு பெட்டியும் குடும்பமும் பின்னால் நிற்க, விமானத்தைப் பிடித்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். இப்படி எத்தனையோ பார்த்துப் பழகிப்போயிருக்கலாம். வாடகை வீட்டு விளம்பரங்களில் ‘இந்தியர் வேண்டாம்’ என்று வெளிப்படையாகவே போட்ட காலத்தைப் பார்த்த தலைமுறை அவர். வேலையிடத்தில் இனம், வயது பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கத் தனிச் சட்டமே 2025 ஜனவரியில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதுவரை வழிகாட்டி நெறிமுறைகளை வைத்துத்தான் ஓட்டினார்கள். அப்பா செய்தது சரியா தப்பா என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். நானாக இருந்தால் மேலாளரைக் கூப்பிடு என்று அங்கேயே நின்றிருப்பேன். என்னோடு பயணம் வர வீட்டில் எல்லாரும் யோசிப்பதும் அதனால்தான்.

இந்தத் தடவை யாராவது அப்படிப் பேசினால் நீ கேட்கலாம். ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல், “அங்கிள்கிட்ட மரியாதையா கேளுங்க” என்ற அளவுக்கு. அப்பாவிடம் மட்டும் அதைச் செய்தால் பாதி வேலைதான். பின்னால் நிற்பவரிடம் கத்தும்போதும் கேட்க வேண்டும். பெயர்ப்பட்டையைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் எழுதுவதும் நல்ல வழிதான். உன் ஆங்கிலத்துக்கு அது பத்து நிமிட வேலை.

இனி சித்தி. ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்று பழமொழி சொல்கிற நம் ஆட்கள்தான், பெண் பார்க்கப் போனால் ‘பொண்ணு நல்ல நிறமா?’ என்று முதலில் கேட்பார்கள். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆகிவிட்டது. க்ரீமுக்குப் பெயர் மாறியது, சித்திமார்கள் மாறவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவாக இருந்தால் தொடவே தொடாதே. வெளுப்பாக்கும் க்ரீம்கள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதைப் பல நாட்டுச் சுகாதாரத் துறைகள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றன. “வேணாம் சித்தி, எனக்கு ஒத்துக்காது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த வருஷம் எத்தனை கோல் அடித்தாய் என்று சொல்ல ஆரம்பித்துவிடு. பேச்சு தானாக வேறு பக்கம் போய்விடும். மனிதர் எல்லாருக்கும் தோலில் மெலனினை உண்டாக்கும் செல்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான், எவ்வளவு உண்டாக்குகின்றன என்பதில்தான் வித்தியாசம். நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 137 கிலோமீட்டரில் இருக்கிற தீவில் வெயிலில் பந்து உதைத்தால் அவை தம் வேலையைச் செய்யத்தான் செய்யும். சன்ஸ்கிரீன் போட்டுக்கொள், வெயில் சுடாமல் இருப்பதற்காக. ஆட்டத்தை மட்டும் நிறுத்தாதே.

சித்தியைவிட எனக்கு அம்மாவின் சிரிப்புதான் யோசனையாக இருக்கிறது. அவர் வேண்டுமென்று சிரிக்கவில்லை. நாத்தனார், ஓரகத்தி, தங்கை என்று கூடியிருக்கும் இடத்தில் சிரித்து மழுப்புவது அவருக்குப் பழக்கம். நீ வாட்ஸ்அப்பில் இமோஜி போட்டாயே, அதே காரணம்தான். புறப்படுவதற்கு முன்பே ஒரு நாள் சொல்லி வை: “அம்மா, சித்தி அப்படிச் சொன்னா நீங்க சிரிக்காதீங்க. அதுதான் எனக்கு வலிக்குது.” மகன் இப்படி வாய்விட்டுச் சொன்னால் எந்த அம்மாவும் மறுமுறை சிரிக்க மாட்டார்.

ஊரில் கழிப்பறை சரியில்லை, கொசு கடிக்கிறது என்று எவ்வளவு வேண்டுமானாலும் புலம்பு. ஆனால் ‘அங்கே எல்லாரும் இப்படித்தான்’ என்பது உன் வகுப்புப் பையன்கள் பேசுகிற பேச்சு. முறைத்துப் பார்ப்பவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து வை. பாதிப் பேர், ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறார்கள்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் போக வேண்டும், அதில் பேச்சே இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது என்று அவசரமாகக் கார்த்திகையில் வைத்திருப்பார்கள், உன் பள்ளி விடுமுறையும் அதற்குத் தோதாக வருகிறது. அக்காவுக்குக் கூடப்பிறந்த தம்பி இருக்கிறானா என்று நீ எழுதவில்லை. இல்லையென்றால், உங்கள் வழக்கத்தில் பொரியிடுவது உண்டென்றால், மணவறையில் பொரி அள்ளிப் போட உன்னைத்தான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து மச்சான் மோதிரம் வந்தாலும் வரும், விட்டுவிடாதே.

பயணத்தில் உனக்கென்று கொஞ்சம் வேலை எடுத்துக்கொள். வீட்டில் எல்லாருக்கும் இந்தியாவுக்கான இ-விசா விண்ணப்பத்தை நீயே நிரப்பிக் கொடு. நீளமான படிவம் அது, அப்பா பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர், தாத்தா பாட்டி விவரம் என்று எல்லாம் கேட்கும். ரஜுலா கதையைக் கேட்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அங்கே போனபிறகு ஒரு நாள் காலையில் பெரியவர்கள் யாரும் இல்லாமல், மச்சானோ அத்தை மகனோ ஒருவனைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் பிடித்துச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, மலைக்கோட்டைக்கு நடந்து போ. நானூறுக்கும் மேலே படிகள் இருக்கின்றன. டிக்கெட்டை நீ எடு, வழியை நீ கேள், உன் தமிழிலேயே. உன் சிங்கப்பூர் ‘லா’வைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தன்னம்பிக்கை இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதுவதைவிட, நடத்துநரிடம் சில்லறை கேட்டு வாங்குவது பலன் தரும்.

ஜப்பான் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ‘ஊருக்குப் பதிலாக ஜப்பான்’ என்று கேட்டால் வீட்டில் சண்டைதான் வரும், கல்யாணச் செலவு இருக்கிற வருஷத்தில் கிடைக்கவும் கிடைக்காது. அடுத்த வருஷம் உயர்நிலை நான்கு, ஜூன் விடுமுறையில் உன்னை எங்கேயும் விட மாட்டார்கள். தேர்வு முடிந்த பிறகு ஒரு வாரம் என்று இப்போதே துண்டு போட்டு வை. குளிர் அதிகமாக இருக்கும், வீட்டில் பாட்டி இருந்தால் வரமாட்டேன் என்பார். அவரைக் கூட்டிப்போவதா, யாராவது வீட்டில் துணைக்கு இருப்பதா என்பதையும் நீயே யோசித்து, ஒரு தாளில் செலவுக் கணக்கு எழுதி அப்பாவிடம் கொண்டுபோ.