ஓடும்போது பாட்டுக் கேட்க எதை வாங்கலாம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நடக்கும்போதும் ஓடும்போதும் ஜிம்மில் எடை தூக்கும்போதும் பாட்டுக் கேட்க எதை வாங்குவது. சரி, மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதையே பேசிவிடலாம்.

கேள்வி: தினமும் காலையில் முக்கால் மணி நேரம் ஓட ஆரம்பித்திருக்கிறேன். போனைக் கையில் பட்டை போட்டுக் கட்டினால் நழுவிக்கொண்டே இருக்கிறது, நடுவில் அலுவலக அழைப்புகள் வேறு. தனியாக ஒரு பிளேயர் வாங்கலாம் என்றால், “இப்போது அதையெல்லாம் யாரம்மா வாங்குகிறார்கள்” என்கிறாள் மகள். வாங்கலாமா, வேண்டாமா?

பதில்: வாங்குங்கள் அம்மா. மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, முன்புபோல இன்று பத்து மாடலைப் பரப்பிவைத்து எடுத்துக்கொள் என்று யாரும் காட்டுவதில்லை. 1979-இல் சோனியின் வாக்மேன் வந்தபோதுதான் நடந்துகொண்டே தனக்கு மட்டும் பாட்டுக் கேட்பது என்ற பழக்கமே பரவியது. அப்புறம் 2001-இல் ஐபாட், 2005-இல் ஸ்கிரீனே இல்லாத ஐபாட் ஷஃபிள். அந்த ஷஃபிளின் கடைசி வடிவம் 12.5 கிராம்தான், சட்டை ஓரத்தில் செருகினால் இருப்பதே தெரியாது. ஓடுகிறவர்களுக்கென்றே செய்ததுபோல இருந்த அதை ஆப்பிள் 2017-இல் நிறுத்தியபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. 2022-இல் ஐபாட் என்ற பெயரே முடிந்துபோனது. ஆனாலும் கிளிப் வைத்த சின்ன எம்பி3 பிளேயர்கள் இன்னும் வருகின்றன. தேடினால் கிடைக்கும்.

தனிப் பிளேயர் ஏன் நல்லது என்றால், முதலில் எடை. இன்றைய போன் ஒன்று ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறவர் முக்கால் மணி நேரத்தில் ஏழாயிரத்துக்கு மேல் அடி வைக்கிறார், ஒவ்வோர் அடிக்கும் அந்த 200 கிராமும் கையோடு வீசப்படுகிறது, பட்டை நழுவாமல் என்ன செய்யும்? இறுக்கிக் கட்டினால் கை மரத்துப்போகும். இரண்டாவது காரணம் வியர்வை. போனின் டச் ஸ்கிரீன் உங்கள் விரலின் மின்தன்மையை வைத்துத்தான் தொட்டதைத் தெரிந்துகொள்கிறது. உப்பு வியர்வையும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஈர விரலுக்கும் ஈர ஸ்கிரீனுக்கும் நடுவில் அது குழம்பிவிடும், அடுத்த பாட்டுக்குப் போகச் சொன்னால் யாருக்காவது போன் போகும்.

அதனால் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒலித் தரத்தை அல்ல, பட்டனை. கடையில் பிளேயரைக் கையில் வாங்கிச் சட்டையில் செருகிக்கொள்ளுங்கள். இப்போது அதைப் பார்க்காமல் நேராகப் பார்த்தபடி நின்று, நிறுத்து, அடுத்த பாட்டு, வால்யூம் குறை, மறுபடி ஓடவிடு, இந்த நான்கையும் விரலாலேயே தேடிச் செய்துபாருங்கள். நடு பட்டன் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மேடாகவோ குழிவாகவோ இருந்தால் விரல் தானாகப் போய் உட்காரும். எல்லாப் பட்டனும் வழவழவென்று ஒரே மட்டத்தில் இருந்தால், நின்ற இடத்திலேயே தடுமாறுகிறவர் ஓட்டத்தில் இன்னும் தடுமாறுவார், அதை அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்து, சட்டையில் இருந்தபடியே பத்து முறை குதியுங்கள். கடைக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும். கிளிப்பின் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் மூன்றாவது குதியிலேயே தெரிந்துவிடும்.

ஒயர் வைத்த இயர்போன் என்றால் ஒயரைச் சட்டைக்கு உள்ளே விட்டு எடுங்கள். வெளியே தொங்கினால் அது துணியில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் டொக், டொக் என்று காதுக்குள் வந்து விழும், பலர் அதைப் பிளேயரின் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். புளூடூத் என்றால், பிளேயரை எந்தப் பக்கம் செருகுகிறீர்கள் என்று கவனியுங்கள். அந்த அலைவரிசையை நம் உடம்பே நன்றாக மறைக்கும். இடது இடுப்பில் செருகியபோது பாட்டு நடுநடுவே அறுந்து கேட்டால் வலது பக்கம் மாற்றிப்பாருங்கள், சரியாகிவிட வாய்ப்பு அதிகம்.

ஒன்று மட்டும். தனியாக ஓடுகிறவர் என்றால் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். ஒலியை அணைத்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டுக்கு இல்லை, ஒரு அவசரத்துக்கு.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். சென்ற முறை வாங்கிய பிளேயர் ஆறே மாதத்தில் சார்ஜ் ஏறாமல் போய்விட்டது. இந்த முறை ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருப்பதை வாங்கச் சொல்கிறார்கள். அது போதுமா?

பதில்: தம்பி, பழைய பிளேயரைத் தூக்கிப் போடவில்லை என்றால் ஒரு வேலை செய்யுங்கள். வெளிச்சத்தில் பிடித்து அதன் சார்ஜ் துளைக்குள் பாருங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்குப் படிந்திருக்கிறதா? என் முதல் பிளேயரும் அப்படித்தான் போனது. ஊசி முனையால் சுரண்டியபோது பொடி உதிர்ந்தது, கூடவே ஒரு தகடும் வந்துவிட்டது. வியர்வை வெறும் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். அந்த ஈரம் காயாத துளையில் சார்ஜரைச் செருகினால் மின்சாரமும் சேர்ந்துகொண்டு உலோகத்தை வேகமாக அரித்துவிடும். ஜிம்மிலிருந்து வந்தவுடன் சார்ஜ் போடுகிற பழக்கம்தான் பல பிளேயர்களைக் கொல்கிறது.

எண்ணுக்கு வருவோம். ஐபிஎக்ஸ் என்பதற்குப் பிறகு வரும் எண் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும், 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சினாலும் தாங்கும், 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், 8 என்றால் அதற்கும் மேல், எவ்வளவு என்பதைத் தயாரித்தவரே சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் எக்ஸ், தூசிக்கு மதிப்பெண் தரவில்லை என்பதற்கான அடையாளம். இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பவை. உப்பு வியர்வை மாதக்கணக்கில் ஊறுவதை எந்த எண்ணும் சொல்லாது.

ஜிம்முக்கு ஐபிஎக்ஸ்4 போதும். அதிகம் வியர்க்கிறவர் என்றால் 5 பாருங்கள். ஆனால் எண்ணைவிட, வந்ததும் ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு மணி நேரமாவது காயவிட்டு அதற்கப்புறம் சார்ஜ் போடுங்கள். துளைக்கு ரப்பர் மூடி இருந்தால் அது தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், ஏனென்றால் மூடி சரியாக உட்காராத நாளில் பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கு அர்த்தமில்லை.

கேள்வி: நீச்சலுக்கு? ஐபிஎக்ஸ்8 புளூடூத் இயர்போன் போதுமா?

பதில்: போதாது. இயர்போன் கெடாது, பாட்டுதான் வராது. புளூடூத் வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், தலை முங்கிய உடனே தொடர்பு அறுந்துவிடும். பாட்டு அந்தக் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். சோனியின் என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 அப்படிப்பட்டது, 4 ஜிபி நினைவகத்தோடு கடல் தண்ணீருக்கும் சேர்த்துச் செய்தது. ஷாக்ஸின் ஓப்பன்ஸ்விம் காதை அடைக்காமல் கன்ன எலும்பின் வழியாக அதிர்வை அனுப்பும். எதை வாங்கினாலும், குளத்திலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். குளோரினும் உப்பும் ரப்பரையும் தகட்டையும் சும்மா விடாது.

கேள்வி: எத்தனை ஜிபி வாங்குவது? 32 ஜிபி என்றால்தான் நல்லது என்கிறார் நண்பர்.

பதில்: உடற்பயிற்சிக்கு 4 ஜிபியே தாராளம். எம்பி3-இல் 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்பி, நான்கு நிமிடப் பாட்டுக்கு 4 எம்பி, ஆக 4 ஜிபியில் ஆயிரம் பாட்டு. 320 தரத்தில் வைத்தாலும் நானூறு வரும். அந்தப் பணத்தை நல்ல இயர்போனில் போடுங்கள்.

கேள்வி: மாதச் சந்தா கட்டும் செயலியில் இறக்கிவைத்த பாட்டுகளைப் பிளேயருக்கு மாற்ற முடியவில்லை. பிளேயரில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. அந்தப் பாட்டுகள் பூட்டுப் போட்டு வருகின்றன, அந்தச் செயலிக்குள் மட்டும்தான் திறக்கும். சாதாரண எம்பி3 பிளேயருக்குக் கோப்பாக வாங்கிய பாட்டு வேண்டும், அல்லது நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் சிடியிலிருந்து எடுத்தது. வாங்குவதற்கு முன் இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஏமாந்து எழுதியவர்கள் உங்களைத் தவிர இன்னும் மூன்று பேர். செயலி பாட்டுதான் வேண்டும் என்றால், அந்தச் செயலியை ஏற்றிப் பாட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் வாட்ச் ஒரு வழி. அதில் ஜிபிஎஸ்ஸும் பாட்டும் சேர்ந்து ஓடினால் பேட்டரி விறுவிறுவென்று இறங்கும், நீண்ட ஓட்டக்காரர்கள் அதைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பையன் காதை முழுக்க அடைத்துக்கொண்டு, முழு வால்யூமில் வைத்து ரோட்டில் ஓடுகிறான். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் படிப்பான்.

பதில்: படிக்கட்டும் சார், எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். கேட்டால் நிறைய போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 90-க்கு வந்தால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். தினமும் முக்கால் மணி, வாரம் ஆறு நாள் என்றால் நாலரை மணி நேரம் ஆகிவிட்டது! ஓடி முடித்து இயர்போனைக் கழற்றியதும் காதில் ஙொய் என்று ஒரு சத்தம் கேட்கிறதா என்று பையனைக் கேளுங்கள். கேட்கிறது என்றால் வால்யூம் அதிகம். உள்காதில் செத்த உணர்வணுக்கள் மறுபடி முளைப்பதில்லை.

இடத்துக்கு ஏற்ற இயர்போன் வேண்டும். ஜிம்மில் டிரெட்மில் இரைச்சலும் அங்கே போடும் பாட்டும் சேர்ந்து காதை நிறைத்துவிடும், அதை அமுக்கத்தான் நாம் வால்யூமை ஏற்றுகிறோம். அங்கே காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை வைத்தது நல்லது, வெளிச் சத்தம் குறைவதால் குறைந்த வால்யூமிலேயே பாட்டுத் தெளிவாகக் கேட்கும். ரோட்டில் அதையே போட்டால் ஆபத்து, பின்னால் வரும் வண்டி தெரியாது. ரோட்டுக்குக் காதைத் திறந்து விடும் வகை, கன்ன எலும்பில் உட்காருவதோ காதுக்கு வெளியே தொங்குவதோ. அதில் பாஸ் எனும் அடித்தொனி குறைவாகத்தான் இருக்கும். இருக்கட்டும், ஹாரன் கேட்க வேண்டும்.

கேள்வி: எந்த மாதிரிப் பாட்டுகளை வைத்துக்கொண்டால் வேகம் கூடும்?

பதில்: ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது நிமிடத்துக்கு 120 முதல் 140 தாளம். நான் செய்வது இன்னும் எளிது: ஓடும்போது ஒரு நிமிடம் அடியை எண்ணிக்கொள்வேன், 170 வந்தால் 170 தாளம் உள்ள பாட்டையோ, அதில் பாதியான 85 உள்ளதையோ தேடிவைப்பேன். 85 என்றால் ஒரு தாளத்துக்கு இரண்டு அடி, கால் தானாகப் பிடித்துக்கொள்ளும். வேகமாக நடப்பவர்களுக்கு 100-லிருந்து 120 பொருந்தும். முதல் இரண்டு பாட்டும் கடைசி இரண்டு பாட்டும் மெதுவாக இருக்கட்டும், உடம்பு சூடாகவும் ஆறவும். சின்னப் பிளேயர்கள் பெரும்பாலும் கோப்பின் பெயர் வரிசையிலோ பாட்டுக்குள் பதிந்திருக்கும் எண் வரிசையிலோதான் ஓட்டும், ஆகவே பெயருக்கு முன்னால் 01, 02 என்று போட்டுவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பாட்டுக்குள் இருக்கும் எண்ணையும் மாற்றுங்கள்.

கேள்வி: மேசை டிராயரில் பத்து வருடத்துக்கு முந்தைய பிளேயர் இரண்டு கிடக்கின்றன. அவற்றையே பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் இரண்டையும் தட்டையான மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஸ்கிரீன் ஒரு ஓரத்தில் தூக்கியிருந்தாலோ, பின்பக்கம் உப்பி மேசையில் ஆடினாலோ, உள்ளே பேட்டரி வீங்கிவிட்டது. அதைச் சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், திறக்காதீர்கள், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். உப்பவில்லை என்றால் ஆள் பக்கத்தில் இருக்கும்போது சார்ஜ் போட்டுப் பார்க்கலாம். ஓடுகிறதா, சரி, காதருகே வைத்துக் கேளுங்கள். பாட்டு மாறும்போது மெல்ல சுழலும் சத்தமோ கிர்க் என்ற ஒலியோ வந்தால் உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது, ஓட்டத்தின் குலுக்கல் அதற்கு ஆகாது. உட்கார்ந்த இடத்தில் மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். சத்தமே வராதது சில்லு நினைவகம் வைத்தது, அதைச் சட்டையில் செருகிக்கொண்டு நாளைக்கே ஓடலாம்.