காதில் பூ

கேள்வி: போன இதழ்ச் சிறுகதையில், கோடைக்குப் பாம்பன் சித்தி வீட்டுக்கு வந்த தவில்காரப் பையனும் காது கேளாத 19 வயதுப் பெண்ணும் காதலிக்கிறார்கள். அவன் வாசிப்பதே அவளுக்குக் கேட்காது. அப்புறம் எதில் மயங்கினாளாம்? எங்கள் காதில் பூச்சுற்ற ஓர் அளவில்லையா?
— ஒரு வாசகர், மண்டபம்

பதில்: ஏன் ஐயா, உங்கள் ஊரில் காதலித்தவர்கள் எல்லாரும் கச்சேரி கேட்டுவிட்டா காதலித்தார்கள்?

மண்டபத்துக்காரர் நீங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று கடல் பார்க்கும்போது பின்னால் பஸ் போனால் உள்ளங்காலில் அதிர்வதில்லையா? தவிலும் அப்படித்தான். வலப்பக்கத் தோலான வலந்தலையில், கூடு என்கிற கெட்டி உறை மாட்டிய விரல்களின் படபடப்பு அவளுக்கு எட்டாமல் போகலாம். இடப்பக்கத் தோலான தொப்பியில் பூவரசங்கழி விழும் அடி, பக்கத்தில் நிற்பவர் நெஞ்சுக்கூட்டில் இறங்கும். ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி 12 வயதுக்குள் கேட்கும் திறனை அநேகமாக இழந்தவர். மேடையில் வெறுங்காலோடு நின்று தாளவாத்தியம் வாசிக்கிறார். அவர் வாசிக்கவே செய்கிறார், நம் பெண் ரசிக்கக்கூடாதா?

கதையில் ஓட்டை உண்டு. நீங்கள் காட்டிய இடத்தில் இல்லை. நிலா வெளிச்சத்தில் அவன் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். அவள் உதட்டைப் பார்த்தே அத்தனையும் புரிந்துகொள்கிறாள். கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் ‘பணம்’, ‘மணம்’ என்று சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். பையன் கல்யாணப் பேச்சு எடுத்தானா, கடன் கேட்டானா? அச்சுக்குப் போகும் முன் நான் கேட்டிருக்க வேண்டும். என் தவறு.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுக்க அவன் அங்கேதான் இருக்கிறான். சைகை மொழியில் ஒரு வார்த்தை கற்கவில்லை! எஞ்சின் இரைச்சலில் கையால் பேசிப் பழகிய விசைப்படகுக்காரர்கள், கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு கரையில் சும்மா இருக்கிற நேரம் அது. சாயங்காலத்துக்குள் நாலு சாடை சொல்லிக் கொடுத்திருப்பார்கள். (படகுச் சாடை வேறு, தனி இலக்கணம் கொண்ட சைகை மொழி வேறு. சரி, ஒரு தொடக்கமாவது ஆகியிருக்கும். மிச்சத்துக்கு அவளே இருக்கிறாள்.)

கதாசிரியருக்கு எழுதிவிட்டேன்: தொகுப்பில் சேர்க்கும்போது நிலாவை அணைத்துவிட்டு அவர்களைத் தெருவிளக்கின் கீழ் உட்கார வையுங்கள், பையன் விரலிலிருந்து கூடுகளைக் கழற்றச் சொல்லுங்கள். பத்து விரலை வைத்துப் பிழைக்கிறவனுக்குக் கையால் பேச வராதா என்ன?