டிரைவைப் பிடுங்கினால் கெர்னல் ஏன் விழுகிறது? ரெஃபரன்ஸ் கவுன்ட் கேள்வி பதில்

(லினக்ஸ் ஸ்டோரேஜ் டிரைவர் எழுதுகிறவர்கள் கேட்டவை. ரெஃபரன்ஸ் கவுன்ட் என்றால் ஒரு பொருளை இப்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை. கெட் அதைக் கூட்டும், புட் குறைக்கும்; 0 ஆனதும் ரிலீஸ் ஃபங்ஷன் ஓடும்.)

கேள்வி: யூஎஸ்பி டிரைவ் மவுன்ட் ஆகியிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கினால் சில நேரம் கிராஷ் ஆகிறது. டிஸ்கனெக்ட் ஃபங்ஷனில் மெமரியை விடுவிக்கும் கே-ஃப்ரீயைக் கூப்பிடுகிறேன். தப்பா சார்?

பதில்: தப்புதான். கேபிள் போனாலும், ஃபைலைத் திறந்து வைத்திருக்கிற புரோகிராம் வழியாக சாதனத்துக்காக நீங்கள் ஒதுக்கிய ஸ்ட்ரக்சருக்கு இன்னும் வேலை வரும். டிஸ்கனெக்டில் "சாதனம் போய்விட்டது" என்று ஃபிளாக் வைத்துவிட்டு, உங்கள் பங்கு கவுன்டை மட்டும் கேரெஃப்_புட் போட்டு விடுங்கள். மெமரியை விடுவிப்பது ரிலீஸ் ஃபங்ஷன் பாடு.

கேள்வி: அப்படியே மாற்றினேன். இப்போது ஓப்பன் செய்யும்போது லாகில் "ரெஃப்கவுன்ட்_டி: அடிஷன் ஆன் 0, யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ" என்று வருகிறது. சாதனங்களின் லிஸ்டில் தேடும்போது மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டிருக்கிறேனே?

பதில்: 2017-ல் 4.11 கெர்னலோடு வந்த ரெஃப்கவுன்ட்_டி என்ற கவுன்ட் டைப்பின் புண்ணியத்தில் இந்த எச்சரிக்கையாவது கிடைக்கிறது. வெறும் அட்டாமிக் எண்ணாக இருந்திருந்தால் கவுன்ட் 0-லிருந்து சத்தமில்லாமல் 1 ஆகியிருக்கும்.

தேடும்போது பூட்டுகிறீர்கள், சரி. புட் போடும்போது? ஒரு சிபியூவில் கடைசி புட் கவுன்டை 0 ஆக்கிவிட்டு, லிஸ்டிலிருந்து எடுக்க மியூடெக்ஸுக்குக் காத்திருக்கிறது. அதே நேரம் மியூடெக்ஸைக் கையில் வைத்திருக்கிற இன்னொரு சிபியூ, லிஸ்டில் சாதனத்தைப் பார்த்து கெட் போடுகிறது. செத்த பொருளுக்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறீர்கள்!

தேடும் இடத்தில் கேரெஃப்_கெட்_அன்லெஸ்_ஜீரோ போடுங்கள்; கவுன்ட் 0 இல்லாவிட்டால் மட்டும் கூட்டும். தோற்றால் ஈநோடெவ் ("சாதனம் இல்லை" என்ற பிழை எண்) திருப்பி அனுப்புங்கள். ரிலீஸில் அதே மியூடெக்ஸுக்குள் லிஸ்டிலிருந்து எடுத்த பிறகே கே-ஃப்ரீ. இந்த வரிசை மாறினால் எல்லாம் வீண். மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டே கவுன்டை 0 ஆக்கும் கேரெஃப்_புட்_மியூடெக்ஸும் ஒரு வழி; எனக்கு முதலாவதே பிடிக்கும்.

கேள்வி: சாதனத்தைக் கெர்னலில் பதிவு செய்யும் டிவைஸ்_ரெஜிஸ்டர் தோற்றால் கே-ஃப்ரீ போடலாமா?

பதில்: கூடாது. தோற்றாலும் புட்_டிவைஸ்தான். உள்ளே கவுன்ட் ஏற்கெனவே 1. நேரே ஃப்ரீ செய்தால் பெயருக்கு ஒதுக்கிய மெமரியும் லீக் ஆகும்.

கேள்வி: எனக்குத் தலைகீழ் பிரச்சினை அண்ணா. ஸ்கஸி ஹோஸ்ட் (டிஸ்க்குகளை இணைக்கும் கன்ட்ரோலர்) டிரைவரை ஆர்எம்மாட் கட்டளையால் கெர்னலிலிருந்து நீக்கப் பார்த்தால் "மாட்யூல் இஸ் இன் யூஸ்" என்று மறுக்கிறது.

பதில்: ஹோஸ்டில் உள்ள சாதனங்களை ஒவ்வொன்றாகச் சுற்றும் எஸ்ஹோஸ்ட்_ஃபார்_ஈச்_டிவைஸ் லூப்புக்குள் பிரேக்கோ ரிட்டர்னோ இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது கவுன்டை எடுக்கும், அடுத்த சுற்றில்தான் விடும். நடுவில் வெளியேறினால் ஸ்கஸி_டிவைஸ்_புட் உங்கள் பொறுப்பு. மாட்யூல் கவுன்டும் அதோடு மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: சரிசெய்தது நிற்குமா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: தவறான மெமரி அணுகலைப் பிடிக்கும் கெர்னல் கருவியான கேசானை இயக்குங்கள், எங்கே ஒதுக்கியது, எங்கே விடுவித்தது என்று இரண்டு ஸ்டாக்கையும் காட்டும். கோபாப்ஜெக்ட் (கவுன்டோடு வரும் கெர்னலின் அடிப்படைப் பொருள்) இருந்தால் டீபக்_கோபாப்ஜெக்ட்_ரிலீஸ் என்ற கெர்னல் அமைப்பையும் வையுங்கள்; ரிலீஸை வேண்டுமென்றே சில விநாடி தள்ளிப்போடும். பிறகு டீடி கட்டளை டிரைவில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்குங்கள், திரும்பத் திரும்ப.