கேள்வி – பதில்: பாட்டி இல்லாத வீடு

போன இதழில் பாட்டியை இழந்த ஒரு வாசகிக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி பாட்டிகளைப் பற்றியே இருந்தன. சரி, இந்தத் தடவை முழுக்க அவர்களுக்கே.

பாட்டி போய் ஒரு மாதம் ஆகிறது. வயது 87. வந்தவர்கள் எல்லாரும் "கல்யாணச் சாவு, அழக்கூடாது" என்றார்கள். ஆபீசில் பாட்டி "நெருங்கிய உறவு" பட்டியலில் இல்லையாம், லீவும் கிடைக்கவில்லை. எனக்கு இன்னும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழுகை வருகிறது. இது கொஞ்சம் அதிகமோ?
– வாசகி, சென்னை

இல்லை. கல்யாணச் சாவு என்பது போனவருக்குச் சொல்கிற பாராட்டு. பேரன் பேத்தி பார்த்து, ரொம்ப நாள் படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார், அதனால் மேளம், வெடி, பூப்பல்லக்கு. அதில் இருக்கிறவர்களுக்கு என்ன ஆறுதல்? அம்மா வேலைக்குப் போன வீடுகளில் தலை பின்னி, சோறூட்டி, ஸ்கூல் வாசலில் நின்றது பாட்டிதான் என்பது கம்பெனிப் படிவத்துக்குத் தெரியாது. முன்பெல்லாம் ஒப்பாரி வைக்கிற பெண்கள் செத்தவர் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து கடைசிக் கஞ்சி வரைக்கும் பாட்டாகவே சொல்லிவிடுவார்கள், கூட இருப்பவர்களும் வாய்விட்டு அழுதுவிடுவார்கள். இப்போது ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துவிட்டு எழுந்து போகிறோம், அப்புறம் அழுகை ஆபீஸ் கேன்டீனில்தான் வரும். அந்த நேரத்தில் அம்மாவோ அப்பாவோ, பாட்டி பெற்ற பிள்ளைக்குப் போன் போடுங்கள், அவருக்குப் போனது தாய். தூக்கமும் சாப்பாடும் மாதக்கணக்கில் கெட்டுப்போனால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

அம்மாயி போன ஆவணியில், தேய்பிறை அஷ்டமியில் இறந்தார். வருஷத் திதியை நட்சத்திரம் பார்த்து வைக்கலாம் என்கிறார் ஒரு பெரியவர், திதிதான் என்கிறார் மாமா, ஜெர்மனியில் இருக்கும் தம்பியோ இங்கிலீஷ் தேதியிலேயே வைத்தால்தான் லீவு போட முடியும் என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகர், ஈரோடு

மாமா. நட்சத்திரம் பிறந்தநாளுக்கு. வருஷக் காரியத்துக்குத் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, இந்த மூன்றும்தான் கணக்கு. (தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் பலவற்றில் மாதத்தைச் சந்திர கணக்கில் எடுப்பார்கள், அது வேறு.) அதனால் இங்கிலீஷ் தேதி ஒரு வருஷம் பத்துப் பதினோரு நாள் முந்தும், இன்னொரு வருஷம் அதைவிடப் பிந்தும். உயிர் பிரிந்த நேரத்தைக் குறித்து வைத்திருந்தால் அப்போது நடந்த திதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிடலாம். வருஷா வருஷம் எந்த நாளில் கொடுப்பது என்று பஞ்சாங்கத்திலேயே சிராத்த திதி என்று தனியாகப் போட்டிருக்கும். திதி தெரியாமல் போன வீடுகளுக்கு ஆடி, தை அமாவாசைகளும் புரட்டாசியில் வருகிற மகாளயமும் இருக்கின்றன. உங்களுக்குப் பவானி கூடுதுறை பக்கம், அலைச்சலும் இல்லை. தம்பி வர முடிகிற தேதியில் எல்லாரும் கூடி அம்மாயிக்குப் பிடித்ததைச் சமைத்து நாலு பேருக்குப் போடுங்கள், அதை எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லை. ஆனால் இதைச் சாக்காக வைத்து மாமாவும் தம்பியும் பேசாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அம்மாயிக்குப் பிடிக்காதது என்று எனக்குப் படுகிறது.

அப்பத்தா இறந்த பிறகு அவர் சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. போன வாரம் வாட்ஸ்அப்பில் அவர் பெயருக்கு நேரே பைக்கோடு நிற்கிற ஒரு பையன் படம் வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் போய்விடுமா? கடைசியாக வந்ததில் "சாப்டியாத்தா, ரசம் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பட்டனை விடத் தெரியாமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் முருங்கைக்காய் விலை பேசுகிறார். பின்னால் குக்கர் விசில் வேறு.
– வாசகி, மதுரை

போகாது, ஆனால் இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். ஒரு எண்ணில் 90 நாள் பேச்சு, மெசேஜ் எதுவும் இல்லை, பேலன்ஸும் இல்லை என்றால் சிம் கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் சும்மா கிடந்தால் பொதுவாக அழிக்கப்படும். பைக் பையன் பாவம், கடையில் கொடுத்த நம்பரை வாங்கியிருக்கிறான். அவனுக்கு எதுவும் அனுப்பாதீர்கள்.

அப்பத்தா அனுப்பி நீங்கள் ஏற்கெனவே கேட்ட குரல்கள் உங்கள் போனில்தான் கிடக்கின்றன. அந்த உரையாடலைத் திறந்து, மெனுவில் "எக்ஸ்போர்ட் சாட்" என்பதை மீடியாவோடு சேர்த்து அழுத்தி உங்கள் ஈமெயிலுக்கோ டிரைவுக்கோ அனுப்புங்கள். ரொம்ப நீளமான உரையாடல் என்றால் எல்லாம் ஒரே தடவையில் வராது, அப்போது முக்கியமான குரல்களைத் தனித்தனியாக அழுத்திப் பிடித்துப் பகிருங்கள். கோப்பு ஓபஸ் என்ற வகையில் இருக்கும், சில பிளேயர்களில் ஓடாது, எம்பி3 ஆக மாற்றி இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பென் டிரைவில், ஒன்று தம்பி தங்கை யாரிடமாவது. கோப்பின் பெயரில் தேதியையும் "ரசம், முருங்கைக்காய்" என்றும் எழுதிவிடுங்கள், எண்ணும் எழுத்துமாக இருக்கிற பெயரைப் பத்து வருஷம் கழித்து யார் திறந்து பார்ப்பார்கள்? குக்கர் விசிலை வெட்டாதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று: பாட்டியின் சிம் இன்னும் உயிரோடு இருந்தால் பேங்க், கேஸ், ரேஷன் கார்டு எல்லாம் அந்த நம்பரில் இருக்கிறதா பாருங்கள். நாமினி வேலைகளை முடித்துவிட்டு அப்புறம் விடுங்கள்.

ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படத்தை அழித்து நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு செயின் செய்துகொள்ளலாம் என்கிறார்கள் அத்தைமார். எனக்கு மனசே இல்லை. பேத்தி என்பதால் என் பேச்சு எடுபடவில்லை.
– வாசகி, திருநெல்வேலி

அத்தைமாரிடம் சென்டிமென்ட் பேசாதீர்கள், கணக்கு பேசுங்கள். பாம்படம் பெரும்பாலும் தங்கத் தகட்டுக்குள் அரக்கு நிரப்பிச் செய்தது. காதில் கனத்த கனம் தராசில் தங்கமாக நிற்காது. உருக்கினால் அரக்கும் சேதாரமும் போக மிஞ்சுவதற்கு நாலு செயினுக்கும் கூலி வேறு. முதலில் ஆசாரியிடம் காட்டி உண்மையான தங்க எடையைக் கேளுங்கள். அதற்கான பணத்தை நீங்களோ உங்கள் அப்பாவோ பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு முழுசாக வாங்கிக்கொள்ளலாம். முடியவில்லையா, அழிக்கிறதற்கு முன் ஆச்சியின் பழைய போட்டோ பக்கத்தில் வைத்து ஒரு படமாவது எடுத்துவிடுங்கள். அந்த வடித்த காதோடு சிரிக்கிற முகங்கள் நம் தெருக்களில் இனி எத்தனை?

ஐந்து வயது மகன் "பாட்டி எங்கே?" என்கிறான். தூங்குகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.
– வாசகர், சேலம்

மாற்றிச் சொல்லுங்கள். தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம் என்று ராத்திரி பயந்து அழப் போவது அவன்தான். பாட்டி செத்துப்போய்விட்டார், இனி வர மாட்டார், நமக்கும் அழுகையாக இருக்கிறது என்றே சொல்லலாம். திரும்பத் திரும்பக் கேட்பான், திரும்பத் திரும்ப அதையே சொல்லுங்கள்.

அம்மம்மாவின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்க வேண்டும் என்று அம்மா நிற்கிறா. இந்தக் காலத்தில் யார் வாசிக்கப் போகினம், பேஸ்புக்கில் போட்டால் காணாதா என்கிறார் அண்ணா. நான் நடுவில்.
– வாசகி, டொராண்டோ

அம்மா பக்கம் நில்லுங்கள். யாழ்ப்பாணத்துக் கல்வெட்டு ஒரு நல்ல வழக்கம், திதி வெண்பாவிலேயே வருஷம், மாதம், பட்சம், திதி எல்லாம் கட்டி வைத்துவிடுவதால் ஈரோட்டுக்காரருக்கு வந்த சண்டையே அங்கே வராது. ஆனால் புத்தகத்தைத் தேவாரத்தால் மட்டும் நிரப்பிவிடாதீர்கள், அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. அம்மம்மா பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், கூடப் பிறந்தவர்கள், 1995 அக்டோபர் 30 இரவு போரில் வலிகாமத்துச் சனமெல்லாம் தென்மராட்சிக்கு நடந்தபோது அவர் அங்கே இருந்திருந்தால் எதைத் தூக்கிக்கொண்டு போனார், யார் வீட்டில் தங்கினார், கனடாவில் முதல் பனியைப் பார்த்து என்ன சொன்னார், இதெல்லாம் வேறெங்கும் அச்சில் கிடைக்காது. அம்மாவுக்கும் சித்திமாருக்கும்தான் தெரியும், இப்போதே கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியை "நூலகம்" என்ற இணைய நூலகத்துக்கும் அனுப்புங்கள், அவர்கள் நினைவு மலர்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். அண்ணா பேஸ்புக்கிலும் போடட்டும்.

பாட்டி சொன்ன நார்த்தங்காய் ஊறுகாய் அளவை எழுதி வைத்திருக்கிறேன். "உப்பு ஒரு ஆழாக்கு" என்று இருக்கிறது. எவ்வளவு?
– வாசகி, கும்பகோணம்

படியில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் படியே ஊருக்கு ஊர் வித்தியாசப்படும், அதனால் புத்தகத்தை நம்பாமல் வீட்டுப் பரணில் பாட்டியின் ஆழாக்கு கிடக்கிறதா பாருங்கள். கிடைத்தால் அதில் கல் உப்பை அள்ளி நிறுத்து, கிராம் கணக்கில் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். காய் எத்தனை என்று பாட்டி சொல்லியிருக்கிறாரா? நீங்கள் அதை எழுதவே இல்லையே.