கார்டில் பணம் வந்துவிட்டது, சரக்கை அனுப்பலாமா?

கேள்வி: ஈரோட்டில் இருந்து ஆன்லைனில் பெட்ஷீட், துண்டு விற்கிறேன். வெளிநாட்டு கார்டில் 85,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. மூன்று கார்டு ஃபெயில் ஆகி நாலாவதில்தான் பணம் விழுந்தது. கார்டில் ஒரு பெயர், டெலிவரிக்கு வேறு பெயர். இன்றே அனுப்புங்கள் என்று அவசரப்படுத்துகிறார். அனுப்பலாமா?

பதில்: இன்றைக்கு அனுப்பாதீர்கள். பணம்தான் வந்துவிட்டதே என்று தோன்றும், ஆனால் கார்டின் நிஜச் சொந்தக்காரர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டு 'நான் இதை வாங்கவே இல்லை' என்று தன் வங்கியில் சொன்னால் சார்ஜ்பேக் வரும், அதாவது அந்தப் பணத்தை உங்களிடமிருந்து திரும்ப எடுத்துவிடுவார்கள், விசா, மாஸ்டர்கார்டில் அப்படிப் புகார் செய்யப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு, அதற்குள் உங்கள் துண்டு எந்த ஊரில் காய்கிறதோ! சரக்கும் போய், பணமும் போய், பல சமயம் அதற்கு மேல் ஒரு கட்டணமும் பிடிப்பார்கள்.

நம்மூர் கார்டு என்றால் பெரும்பாலும் ஓடிபி கேட்கும். வெளிநாட்டு கார்டுகள் பலவற்றில் அது இல்லாமலே பணம் போய்விடும். அதனால் பேமென்ட் கேட்வே (உங்களுக்காக கார்டு பணத்தை வாங்கித் தரும் நிறுவனம்) கணக்கைத் திறந்து, இது த்ரீடி செக்யூர் வழியாக, அதாவது ஓடிபி போல கார்டுக்காரர்தானா என்று அவர் வங்கி சரிபார்க்கும் முறையில், வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால், மோசடிப் புகாரின் நஷ்டம் பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியைச் சேரும். இல்லையென்றால் கேட்வேக்காரர்களிடம் எழுதிக் கேளுங்கள், வாங்குபவரோடு போனில் பேசுங்கள், கார்டுக்குப் பதில் வங்கி வழியாகப் பணம் அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கார்டு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், அது வேறு தலைவலி.

அப்புறமும் சந்தேகம் தீரவில்லையா? ரீஃபண்ட் போடுங்கள், பணம் வந்த அதே கார்டுக்கு. வேறு கணக்கு எண் கொடுத்தால் மறுத்துவிடுங்கள்.